வெளிநாட்டுச் சபையோடு சமமாகக் கைகோப்பது எப்படி? புதிதாகத் தொடங்கும் சேகரங்களுக்கு

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ இருக்கும் ஒரு சபையோடு உறவு ஏற்படுத்திக்கொள்ளலாம் என்று சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதிதான் சேகரம்) யாராவது எடுத்துச் சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு பேச்சு கிளம்பும். ஒருவர், "அப்போ கோவில் முகப்பைப் புதுப்பித்துவிடலாம்" என்பார். இன்னொருவர், "யார் யார் போய்வருவது?" என்று கேட்பார். இரண்டும் இயல்பான ஆசைகள்தான். ஆனால் உறவு இவற்றில் தொடங்கிவிட்டால், அவர்கள் கொடுப்பவர்கள், நாம் வாங்குபவர்கள் என்பது முதல் நாளே முடிவாகிவிடும். அப்புறம் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) போன்ற சபைகளில் இந்தப் பொறுப்பைப் புதிதாக எடுத்துக்கொள்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் சேகரச் செயலாளராக இருக்கலாம், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கலாம், சபையின் சமூக சேவைப் பிரிவைக் கவனிப்பவராக இருக்கலாம். படிகளை நான் சொல்லும் வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இதில் வேண்டுமென்றே பின்னால் வருகிறது.

முன்கதை கொஞ்சம்

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு வந்த சுமார் 1200 பேரில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. மிஷனரி சம்பளம் கொடுக்கும் எஜமானாகவும் இந்தியர் அவரிடம் வேலை பார்ப்பவராகவும்தான் இருக்கிறார்கள், இரு தரப்புக்கும் நடுவே நட்பு இல்லை என்று அந்த மேடையிலேயே சொன்னார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அவருக்கு அப்படிப் பேசும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 1903 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையை நம்பி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, பிறகு ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். தொடங்கியவர்களில் அசரியாவும் ஒருவர். எடின்பரோவுக்கு அவர் உதவி கேட்கப் போகவில்லை. ஊரில் தாங்களே நடத்தும் ஒரு வேலையை வைத்துக்கொண்டு போனார். 1912இல் தோர்னக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை.

அதன் பிறகும் விஷயம் சீக்கிரம் சரியாகிவிடவில்லை. 1971இல் கென்யாவின் சபைத் தலைவர் ஜான் கட்டு, மிஷனரிகளும் பணமும் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது வராமல் நிற்கட்டும், நாங்கள் எங்கள் காலில் நின்று பார்க்கிறோம் என்றார். 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தின் வழிவந்த அமைப்பு 1977இல் தன் நிர்வாகத்தையே கலைத்துப் போட்டு, சி.எஸ்.ஐ. உள்ளிட்ட உறுப்புச் சபைகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் உலக மிஷன் கவுன்சிலாக மாறியது. அதன் தலைமையகம் 2012இல் லண்டனைவிட்டு சிங்கப்பூருக்குப் போனது. ஜெர்மனியின் வூப்பர்டாலைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நற்செய்தி மிஷன் 1996இல் ஆப்பிரிக்க, ஆசிய, ஜெர்மன் சபைகளின் கூட்டமைப்பாக உருமாறியது. ஆக, முடிவெடுக்கும் நாற்காலிகளைப் பகிர்ந்துகொண்ட இடங்களில்தான் ஏதாவது மாறியிருக்கிறது. சேகர அளவில் நாம் செய்வதும் அதன் சின்ன வடிவமே.

படி 1: நம்மிடம் என்ன இருக்கிறது?

கமிட்டி ஒரு மாலை உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதட்டும். தேவைகளின் பட்டியல் வேண்டாம், அது நம் எல்லோருக்கும் மனப்பாடம். நாம் என்ன கொடுக்க முடியும் என்று எழுதுங்கள்.

இங்கே பலரும் தடுமாறுவார்கள். "வெள்ளைக்காரங்களுக்கு நாம என்ன கொடுக்கிறது?" என்று ஒரு சிரிப்பு எழும். கொடுக்க நிறையவே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். இந்து, முஸ்லிம் அண்டை வீட்டாரோடு தலைமுறை தலைமுறையாகச் சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவர்கள் நாம். ஐரோப்பியச் சபைகளுக்கு இது இப்போதுதான் வந்திருக்கும் அனுபவம். பெஞ்சுகள் காலியாகி, கோவில்களை மூடவேண்டிய நிலையில் இருக்கிறார்கள். சுனாமி, தானே, 2015 சென்னை வெள்ளம், கஜா என்று ஒவ்வொன்றிலும் கோவில் ஹாலைத் திறந்து நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் போட்ட அனுபவம் கடலூரிலும் நாகையிலும் எத்தனையோ சேகரங்களுக்கு உண்டு. பிடி அரிசி சேர்த்தே ஊழியத்தைத் தாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். கீர்த்தனைகள் இருக்கின்றன. அசனம் வைத்து ஊரையே பந்தியில் உட்காரவைக்கும் வழக்கம் இருக்கிறது. இவற்றை எழுத்தில் வையுங்கள். முதல் கடிதத்துக்கு இதுதான் சரக்கு.

பட்டியலில் உண்மையிலேயே ஒன்றும் தேறவில்லை, கூரைக்குத்தான் பணம் வேண்டும் என்றால், அதை அப்படியே சொல்லி நன்கொடை கேட்கலாம். அதில் தப்பில்லை. அதற்குக் கூட்டுறவு என்று பெயர் வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

படி 2: ஏற்கெனவே இருக்கும் பாதையில் போங்கள்

ஃபேஸ்புக்கில் கிடைத்த வெளிநாட்டுப் பாஸ்டரோடு தொடங்காதீர்கள். திருமண்டல அலுவலகத்தில் (ஒரு பேராயரின் கீழுள்ள சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம்) கேளுங்கள். பல திருமண்டலங்களுக்கு வெளிநாட்டு மறைமாவட்டங்களோடு பழைய தொடர்பு உண்டு. டி.இ.எல்.சி.க்கு ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடும் ஸ்வீடன் சபையோடும் நீண்ட வரலாறு இருக்கிறது. சி.எஸ்.ஐ.க்கு ஆங்கிலிக்கன் ஐக்கியம், மெதடிஸ்ட், சீர்திருத்தச் சபைகள் என்று பல பக்கமும் சொந்தம். பேராயருக்கும் சேகர குருவானவருக்கும் தெரியாமல் தொடங்கிய உறவு, தொடங்கியவர் போனதும் அறுந்துவிடும். சில சமயம் சண்டையிலும் முடியும்.

பெரிய தொகை ஒதுக்கியிருக்கிறோம், முதலில் பிராசசிங் கட்டணம் அனுப்புங்கள் என்று யார் எழுதினாலும் அது மோசடி. பதில்கூடப் போட வேண்டாம்.

கூட்டாளி சபையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அகதிகளுக்கு வேலை செய்யும் அமைப்பு, முதியோர் சங்கம், பல மதத்தவரும் சேர்ந்து நடத்தும் உணவு வங்கி என்று அங்குள்ள சமூக அமைப்புகளோடும் இணையலாம். ஒரு விதி மட்டும் முக்கியம். உதவி பெறுபவரின் மதத்தைப் பார்க்கக் கூடாது, உதவியைக் காட்டி மதம் பேசவும் கூடாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முதல் பேச்சிலேயே நாங்கள் இதற்கு உட்பட்டவர்கள் என்று சொல்லிவிட்டால், மதச்சார்பற்ற அமைப்புகளின் தயக்கம் பாதி குறையும்.

படி 3: முதல் ஆண்டு பணப் பேச்சே வேண்டாம்

இதை இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து யாராவது நல்ல மனதோடு, "ஏதாவது அனுப்பட்டுமா?" என்று கேட்டால், அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வாயில் வராது, பழகிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வருஷத்தில் என்ன செய்வது? மாதம் ஒரு ஜெபக் குறிப்பு இரண்டு பக்கமிருந்தும் போகட்டும். அவர்கள் பட்டியலை நம் ஞாயிறு ஆராதனையில் வாசியுங்கள். அங்கே குருவானவருக்கு உடம்பு சரியில்லை, அங்கே ஓய்வுநாள் பள்ளிக்கு இரண்டே பிள்ளைகள் என்று நம் சபையார் கேட்கும்போது, பணக்கார நாட்டுக்காரருக்கு நாம் ஜெபிப்பதா என்ற கூச்சம் தன்னால் போய்விடும்.

மகளிர் உலக ஜெப நாள் நல்ல தொடக்கம். மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை, ஏதாவது ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனை முறையை உலகம் முழுக்க நடத்துகிறார்கள். 2025இல் குக் தீவுப் பெண்கள் எழுதியது. அன்றைக்கு இரு சபைப் பெண்களும் ஒரே முறையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசவே ஒரு ஜூம் கூட்டம் போடலாம். நமக்கு மாலை 7 மணி என்றால் இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 2.30. எப்போதும் அவர்கள் வசதிக்கு நாம் ராத்திரி 11 மணிக்கு உட்காரக் கூடாது. நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

கூட்டத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்படி நடந்தால், உறவு அந்த இரண்டு பேருக்கும் வெளிநாட்டுக்கும்தான். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து, தமிழில் பேசுபவருக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள். கூட்டம் இரண்டு மடங்கு நேரம் இழுக்கும், இழுக்கட்டும். லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ் ஆராதனை நடத்தும் சபைகள் உண்டு. அவர்களில் ஒருவர் மொழிபெயர்க்க முன்வருவார். ஆனால் இரு தரப்புக்கும் வாசற்காவலராக அவர் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஊரில் இருக்கும் சமமின்மை

வெளிநாட்டுக்காரர் நம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்று கேட்கிறோம், சரி. நம் சேகரத்தில் நிலைமை என்ன? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இன்னும் சாதிக்கு ஒன்றாகக் கிடக்கிறது. கமிட்டித் தேர்தலில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுப் பயணம் என்று வந்தால் அதே சில குடும்பங்கள்தான் திரும்பத் திரும்பப் போய்வருகின்றன.

வெளியாரின் கேள்வி எப்போதும் ஆதிக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையார் பலர் பிரிந்து போனார்கள். அவர் உத்தரவு போட்ட விதம் எஜமான் தோரணைதான். கேட்ட விஷயம் நியாயம். நண்பர் ஒருவர் இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். பதிலுக்கு நாமும் கேட்கலாம்: உங்கள் ஊரில் வேற்று நிறத்தவர் கோவிலுக்கு வந்தால் எங்கே உட்காருகிறார்கள்?

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. உறவைக் கவனிக்க ஒரு சிறு குழு அமைக்கும்போது அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். தலித் குடும்பங்களும் கிளைச் சபைகளும் அதில் கட்டாயம் இடம்பெறட்டும். முன்பு சபைச் செலவில் வெளிநாடு போனவர்கள் அடுத்த பயணத்துக்குத் தகுதி இல்லை என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை வரும். இப்போதே வந்துபோவது நல்லது.

படி 5: எழுத்தில் வைப்பது

ஒரு வருஷம் போனபின் இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம், தமிழிலும் அவர்கள் மொழியிலும். மூன்று ஆண்டுக் கெடு போதும், முடிவில் இரு தரப்பும் மறுபடி யோசிக்கலாம். யார் யாரோடு தொடர்பில் இருப்பார்கள், அவர் மாறினால் அடுத்தவர் யார், முடிவுகள் எப்படி எடுக்கப்படும், ஒரு தரப்பு வேண்டாம் என்றால் என்ன ஆகும், இவை இருக்க வேண்டும். பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி கட்டாயம். எங்கள் விடுதிப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் உங்கள் பத்திரிகையில் போடக் கூடாது என்று எழுதுங்கள். அழுகிற குழந்தையின் படத்தை வைத்துக் காணிக்கை எடுக்கிற பழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

படி 6: பணம் வந்தால்

இங்கே கவனம் தேவை. வெளிநாட்டு அமைப்புகளிடமிருந்தும் வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்தும் சபைக்கு வரும் எந்தத் தொகையும், சின்னக் காணிக்கையானாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வது இதைத்தான். குருவானவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது, வரும் விருந்தினர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுவது, இரண்டும் சட்ட மீறல். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்றால் விடமாட்டார்கள்.

பதிவுபெற்ற அமைப்பின் பெயரில்தான் வாங்க முடியும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்த மூன்று ஆண்டில் தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். இல்லாதவர்கள், குறிப்பிட்ட ஒரு நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும், அங்கிருந்து உள்ளூர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31க்குள் எஃப்.சி. 4 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

ஆகையால் பெரும்பாலான சேகரங்களுக்கு ஒரே வழி, திருமண்டலத்தின் பதிவு மூலம் திட்டத்தை நடத்துவது. சட்டம் அடிக்கடி மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதை வெளிநாட்டுச் சபைக்கும் பொறுமையாக விளக்குங்கள். "நேரடியாக அனுப்பினால் என்ன?" என்று அவர்கள் கேட்பது நம்பிக்கையில்தான்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால், அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கை வெளிநாட்டு நன்கொடையில் சேராது. குடியுரிமை மாறிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணமே.

சரி, சட்டத்தைத் தாண்டி ஒரு விஷயம். கணக்கு ஒரு பக்கமாக மட்டும் போனால் சமம் எங்கே இருக்கிறது? நாம் அனுப்பும் கணக்கை அவர்கள் படிப்பதுபோல, அவர்கள் ஆண்டுக் கணக்கை நமக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நம் பெயரைச் சொல்லி அங்கே எவ்வளவு திரட்டினார்கள், அதில் எவ்வளவு அங்கேயே செலவாயிற்று என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அவர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு மதிப்பார்கள்.

திட்டத்தில் நம் பங்கும் இருக்கட்டும், சின்னதானாலும். எது வேண்டும் என்பதை முடிவு செய்பவர் அங்கே வாழ்பவராக இருக்கட்டும். சுனாமிக்குப் பிறகு நாகை முதல் குமரி வரை கரையோரம் முழுக்க, மீனவரைக் கேட்காமலே கொடுக்கப்பட்ட ஃபைபர் படகுகள் எத்தனை! சில இடங்களில் தேவைக்கு மேல் குவிந்தன, சில கடலுக்கே லாயக்கில்லை. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாம் அங்கே பணம் அனுப்ப நினைத்தால் அதிலும் சிக்கல் உண்டு. டிரஸ்ட் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கு பாதிக்கப்படும். அவர்கள் ஊரில் வெள்ளம் வந்தால் அன்றே கூப்பிட்டு விசாரியுங்கள், சிறப்பு ஜெபம் வையுங்கள், வெள்ள நிவாரணத்தில் தழும்பேறிய நம் ஆட்களை ஜூமில் அவர்களோடு பேசவையுங்கள்.

படி 7: போய்வருவது

விருந்தினர் வந்தால் நாம் என்ன செய்வோம்? மாலை, சால்வை, பட்டாசு, அப்புறம் நேரே பிரசங்க பீடம். கடைசியில் சொன்னதில் ஆபத்து இருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் ஆராதனையில் உட்காரலாம், ஆனால் வழிபாட்டு இடத்தில் பிரசங்கம் செய்ய விசா விதிகள் அனுமதிக்கவில்லை. மதப் பிரசுரம் விநியோகிக்கவும் கூடாது. மீறினால் நாடு கடத்தல்வரை போகலாம். எந்த விசா பொருந்தும் என்று வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விருந்தினர் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையதளத்தில் அதைப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

பீடம் இல்லாவிட்டாலும் வருகை நன்றாகவே நடக்கும், என் கணக்கில் இன்னும் நன்றாக. பந்தியில் பரிமாறட்டும், பாத்திரம் கழுவட்டும், கிளைச் சபையில் யார் வீட்டிலாவது இரண்டு ராத்திரி தங்கட்டும்.

இங்கிருந்து போகும்போது செலவை யார் ஏற்கிறார்கள் என்று முன்பே பேசுங்கள். இருக்கும் வழிகளில் நியாயமானது, டிக்கெட்டைப் போகிறவர் தரப்பும், தங்கும் செலவை வரவேற்கும் தரப்பும் ஏற்பது. நமக்கு டிக்கெட் சுமை அதிகம் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டே பேர் போனாலும் போதும். போகிறவர்களில் அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் இருந்தால், வெளிநாட்டு அமைப்பின் செலவில் தங்குவதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். நம் கமிட்டிகளில் வாத்தியார்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் நேரும் அவமானத்தைப் பற்றியும் அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் இணையத்தில் விண்ணப்பித்துச் சீக்கிரமே வாங்கிவிடுவார்கள். நம்மவர் வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் எல்லாம் காட்டியும், இளைஞர் என்றால் மறுக்கப்படலாம். அழைப்புக் கடிதத்தில் செலவுப் பொறுப்பு, தேதிகள், திரும்பும் காரணம் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். மறுத்துவிட்டால், அந்த முறை அவர்களும் வராமல் இருப்பதா என்று இரு தரப்பும் சேர்ந்து யோசிக்கலாம். சிலர் அப்படியும் செய்கிறார்கள்.

படி 8: ஆண்டுக்கொரு கேள்வி, தேவையானால் ஒரு முடிவு

வருஷத்துக்கு ஒருமுறை இரு தரப்பும் தனித்தனியே எழுதிப் பரிமாறிக்கொள்ளட்டும்: இந்த ஆண்டு எதற்கு வேண்டாம் என்று சொன்னோம்? எதை அவர்களிடமிருந்து கற்றோம்? எதைச் சொல்லாமல் விழுங்கினோம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும், விட்டுவிடாதீர்கள். திட்டத்தில் ஏதாவது தவறிப்போனால், அவர்கள் வேறு வழியில் கேள்விப்படும் முன் நாமே எழுதிவிட வேண்டும்.

மூன்று ஆண்டு முடிவில் இரு பக்கமும் ஆர்வம் வற்றிப்போயிருந்தால், முறையாக முடித்துக்கொள்ளுங்கள். பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஒரு நன்றி ஆராதனை வைத்து, செலவாகாத பணம் இருந்தால் அதை என்ன செய்வது என்று ஆடிட்டரோடும் அவர்களோடும் பேசித் தீர்த்துவிட்டு, கடிதங்களையும் தீர்மானங்களையும் சேகர அலுவலகத்தில் ஒரே கோப்பில் வையுங்கள். குருவானவர் வீட்டு அலமாரியில் வேண்டாம், அடுத்த மாற்றலில் காணாமல் போய்விடும்.